இரண்டாவது வருகை

அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் சீட்டு எழுதித் தரும் மருத்துவர் கடைசியாகச் சொல்வது பெரும்பாலும் இதுதான்: "மாத்திரையை விடாம சாப்பிடுங்க, பதினஞ்சு நாள் கழிச்சு வாங்க." அந்தப் பதினைந்து நாளில் உடம்புக்குள் என்ன நடக்கிறது என்று பார்த்தாலே பாதிக் கதை விளங்கிவிடும். மனச்சோர்வுக்குத் தரும் மாத்திரை, விழுங்கிய சில மணி நேரத்திலேயே மூளையின் நரம்பணு இணைப்புகளில் செரட்டோனின் அளவை மாற்றத் தொடங்குகிறது. ஆனால் மனம் லேசாக இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். சிலருக்கு ஆறு வாரம்கூட ஆகும். மாறிய வேதிச்சூழலுக்கு ஏற்ப நரம்பணுக்கள் தம்மைச் சீரமைத்துக்கொள்ள அவ்வளவு காலம் பிடிக்கிறது. குமட்டல், தலைவலி, தூக்கக் குழப்பம் ஆகிய பக்கவிளைவுகளோ முதல் சில நாளிலேயே வந்துவிடுகின்றன. ஆக, முதல் இரண்டு வாரத்தில் நோயாளிக்குக் கிடைப்பது மருந்தின் தொல்லை மட்டுமே. பலன் இன்னும் வழியில் இருக்கிறது.

இளைஞர்களுக்கு இந்த வாரங்கள் இன்னும் முக்கியமானவை. இம்மருந்துகளைத் தொடங்கும் காலத்தில் சில சிறுவர்களுக்குத் தற்கொலை எண்ணம் கூடலாம் என்று அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் 2004இல் கட்டமிட்ட எச்சரிக்கை வெளியிட்டது. 2007இல் அந்த எச்சரிக்கை 24 வயது வரை நீட்டிக்கப்பட்டது. மருந்தைத் தவிர்க்கச் சொல்லும் எச்சரிக்கை அல்ல இது. தொடக்கத்தில் அவர்களை அடிக்கடி பார்த்துப் பேசுங்கள் என்று மருத்துவருக்குச் சொல்லும் எச்சரிக்கை. அளவைக் கூட்டுவதா குறைப்பதா, மருந்தை மாற்றுவதா, பேச்சு சிகிச்சை மட்டும் போதுமா என்பதெல்லாம் இரண்டாவது வருகையில்தான் முடிவாகும். அந்த வருகையே அடிக்கடி நிகழாமல் போகிறது. உடனே, "பையன் ஒத்துழைக்கல", "அந்தப் பிள்ளைக்கு அக்கறை இல்ல" என்று பழி நோயாளியின் தலையில் விழுகிறது.

திரும்பி வராதது இளைஞரின் குணக்கேடு அல்ல. சேவை எப்படி நடக்கிறது என்பதைக் காட்டும் அளவீடு அது. ஐம்பது ஆண்டு ஆராய்ச்சி இதைத் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறது. ஊரில் எண்ணிக்கையிலோ அதிகாரத்திலோ குறைந்த சமூகங்களைச் சேர்ந்த இளைஞர் விஷயத்தில் இது இன்னும் அழுத்தமான உண்மை.

வயதும் எண்ணிக்கையும்

மனநோய் பெரும்பாலும் இளமையில் தொடங்கும் நோய். உலகெங்கும் 192 ஆய்வுகளில் இடம்பெற்ற ஏழு லட்சம் பேரின் தகவல்களைத் திரட்டிய ஒரு பகுப்பாய்வு 2022இல் வெளியானது. மனநோய் கண்டவர்களில் மூன்றில் ஒருவருக்கு 14 வயதுக்குள், ஏறத்தாழப் பாதிப் பேருக்கு 18 வயதுக்குள், 62 விழுக்காட்டினருக்கு 25 வயதுக்குள் நோய் தொடங்கிவிடுகிறது என்று அது காட்டியது. இந்தியாவில் 2015–16இல் பெங்களூரு நிம்ஹான்ஸ் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பு தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் நடந்தது. 13 முதல் 17 வயதுள்ளவர்களில் 7.3 விழுக்காட்டினருக்கு மனநலச் சிக்கல் இருந்தது. சிகிச்சை தேவைப்பட்டவர்களில் பத்தில் எட்டுப் பேருக்கு மேல் எந்தச் சிகிச்சையும் பெறவில்லை.

மருத்துவமனை வாசலை மிதிப்பவர் மீதமிருக்கும் சிறு பங்கினர்தான். அவர்களிலும் பலர் பாதியில் நின்றுவிடுகிறார்கள். குழந்தைகளும் வளரிளம் பருவத்தினரும் மனநலச் சிகிச்சையைப் பாதியில் விடுவது குறித்த ஆய்வுகளை நெதர்லாந்துக் குழு ஒன்று 2013இல் தொகுத்தது. விடுபவர்களின் பங்கு 16 முதல் 75 விழுக்காடு வரை இருந்தது. விலகுவது மனச்சிதைவு போன்ற கடும் நோயில் பெரும் இழப்பாகிறது. முதல் முறை நோய் கண்டு தேறியவர்களை ஐந்தாண்டு தொடர்ந்து கவனித்த அமெரிக்க ஆய்வு ஒன்று 1999இல் வெளியானது. மருந்தை நிறுத்தியவர்களுக்கு நோய் திரும்பும் வாய்ப்பு ஏறத்தாழ ஐந்து மடங்கு என்று அது கண்டது. ஒவ்வொரு முறை நோய் திரும்பும்போதும் படிப்பு, வேலை, நட்பு ஆகியவற்றில் கொஞ்சம் கைநழுவுகிறது. பதினெட்டு வயதில் நழுவியதை இருபத்தைந்தில் மீட்பது எளிதல்ல.

திண்டுக்கல்லில் ஒரு வருகையின் விலை

நம் திண்டுக்கல் மாவட்டத்தையே எடுத்துக்கொள்வோம். ஹைதர் அலியின் சகோதரி அமீருன்னிசா பேகத்தின் பெயரால் விளங்கும் பேகம்பூரிலிருந்து ஒரு முஸ்லிம் மாணவர் வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். வீட்டில் அவர் நிலையை முதலில் கண்டவர்கள் அம்மாவும் அத்தாவும். முதலில் போனது ஓதிப் பார்க்கும் இடத்துக்கு. அங்கே ஓதிக் கொடுத்த தண்ணீரைக் குடித்தார், தாயத்தும் கட்டினார். பிறகு மருத்துவமனைக்கு வந்தபோது, "இதையெல்லாம் ஏன் செஞ்சீங்க?" என்ற கேள்வியில் ஏளனம் தொனித்தால் போதும், அடுத்த முறை அவர் வரமாட்டார். தம்மை மட்டுமல்லாமல் அத்தாவையும் சேர்த்து அவமதித்ததாகவே அவருக்குப் படும்.

தோட்டனூத்து முகாமைப் பாருங்கள். 1983 கலவரத்துக்குப் பின் கடல் கடந்து வந்த இலங்கைத் தமிழர் குடும்பங்கள் தமிழ்நாடெங்கும் நூற்றுக்கு மேற்பட்ட முகாம்களில் வாழ்கின்றன. 2021இல் அவற்றை இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்கள் என அழைக்க அரசு முடிவு செய்தது. 2022 செப்டம்பரில் தோட்டனூத்தில் 321 புதிய வீடுகள் திறக்கப்பட்டன. அங்கே பிறந்து வளர்ந்த இளைஞருக்கு இலங்கை பெற்றோரின் நினைவு, இந்தியா குடியுரிமை இல்லாத நாடு. அரசு வேலை கிடைக்காது. படித்து என்ன ஆகப்போகிறது என்ற கேள்வி அங்கே நோயின் அறிகுறி மட்டும் அல்ல, நிலைமையின் நேர்மையான வாசிப்பும்கூட. அதை வெறும் எதிர்மறைச் சிந்தனை என்று திருத்த முனையும் ஆலோசகர் முதல் நாளிலேயே அந்த இளைஞரின் நம்பிக்கையை இழப்பார்.

வேடசந்தூர், வடமதுரைப் பக்கம் நூற்பாலை விடுதிகளில் தங்கி வேலை செய்யும் இளம்பெண்கள் இன்னொரு கூட்டம். அவர்களில் தலித் குடும்பப் பிள்ளைகள் நிறைய. ஒடிசா, பீகார், ஜார்க்கண்டிலிருந்து வந்தவர்களும் இருக்கிறார்கள். மருத்துவமனைக்கு வர அன்றைய சம்பளம் போகும், விடுதியில் அனுமதி கேட்க வேண்டும், எதற்கு என்று காரணம் சொல்ல வேண்டும். சொன்ன காரணம் மாலைக்குள் மில் முழுக்கத் தெரிந்துவிடும். ஒடியா பேசும் பெண்ணுக்கு ஓ.பி. சீட்டு வாங்குவதிலிருந்தே மொழி தடையாகிறது.

இந்த மூவருக்கும் பொதுவான ஒன்று உண்டு. ஊரார் பார்வையில் ஏற்கெனவே ஓர் அடையாளத்தோடு நடப்பவர்கள் அவர்கள். "மெண்டல்" என்ற இரண்டாவது அடையாளத்தைச் சுமக்க அவர்களுக்கு இடமில்லை. பெரும்பான்மைச் சமூகத்துப் பையனுக்கு நோய் வந்தால் அது அவன் பிரச்சினை. சிறுபான்மைச் சமூகத்துப் பையனுக்கு வந்தால் அந்தத் தெருவுக்கே பேர் கெடும் என்று வீடு பயப்படுகிறது. தங்கையின் கல்யாணப் பேச்சு வரை அந்தப் பயம் நீளும்.

சியாட்டில் கற்றுத் தந்தது

சிறுபான்மையினர் சிகிச்சைக்குத் திரும்பி வராததை முதன்முதலில் பெரிய அளவில் எண்ணிப் பார்த்தவர் அமெரிக்க உளவியலாளர் ஸ்டான்லி சூ. சியாட்டில் பகுதியின் 17 சமூக மனநல மையங்களுக்கு வந்த பல்லாயிரம் பேரின் பதிவேடுகளை ஆராய்ந்து 1977இல் முடிவை வெளியிட்டார். வெள்ளையர்களில் 30 விழுக்காட்டினர் முதல் சந்திப்போடு நின்றிருந்தார்கள். கறுப்பினத்தவர், பூர்வகுடியினர், ஆசிய அமெரிக்கர் ஆகியோரிலோ ஏறத்தாழப் பாதிப் பேர் நின்றிருந்தார்கள். வறுமை, கல்வி ஆகியவற்றைக் கணக்கில் எடுத்த பிறகும் வேறுபாடு மறையவில்லை.

இதன் தொடர்ச்சியைப் பலர் சொல்வதில்லை. பத்தாண்டு கழித்து வேறொரு குழு அதே பகுதியை மறுபடி ஆராய்ந்து 1989இல் எழுதியது. இடைவெளி மறைந்திருந்தது. அந்தப் பத்தாண்டில் மக்கள் மாறவில்லை, மையங்கள்தான் மாறியிருந்தன. அந்தந்தச் சமூகத்திலிருந்து ஊழியர்களை எடுத்திருந்தார்கள். அந்த மக்கள் வாழும் இடத்திலேயே சேவைகளைத் தொடங்கியிருந்தார்கள். 'சிகிச்சைக்கு ஒத்துவராதவர்கள்' என்று முத்திரை குத்தப்பட்ட மக்கள் பத்தே ஆண்டில் மற்றவர்களைப் போலவே வரத் தொடங்கினார்கள்.

அப்படியானால் முஸ்லிம் இளைஞருக்கு முஸ்லிம் ஆலோசகர், தலித் பெண்ணுக்குத் தலித் ஆலோசகர் என்று பொருத்திவிட்டால் போதுமா? 2011இல் வெளியான ஒரு பெரிய பகுப்பாய்வு இந்தக் கேள்வியைத்தான் எடுத்துக்கொண்டது. தம் இனத்தவரே ஆலோசகராக வேண்டும் என்ற விருப்பம் மக்களிடம் வலுவாக இருந்தது. ஆனால் சிகிச்சையின் முடிவில் அதனால் வந்த வேறுபாடு மிகச் சிறிது. இன்னொரு பகுப்பாய்வு, 76 ஆய்வுகளைத் தொகுத்து 2006இல் வெளியானது. ஒரு குறிப்பிட்ட சமூகத்துக்கென வடிவமைத்த சிகிச்சைகள், பலருக்கும் பொதுவாக நடத்தியவற்றைவிட நான்கு மடங்கு பயன் தந்தன. தாய்மொழியில் நடந்தவை ஆங்கிலத்தில் நடந்தவற்றைவிட இரு மடங்கு பயன் தந்தன.

இரண்டையும் சேர்த்துப் படித்தால் பாடம் தெளிவு. ஆலோசகரின் சாதியும் மதமும் கதவைத் திறக்க உதவலாம். உள்ளே உட்கார வைப்பது, எதிரில் இருப்பவரின் வாழ்க்கையை அவர் அறிந்திருப்பதும் அதற்கு மதிப்புக் கொடுப்பதும்தான். ஓதிப் பார்த்ததைக் கேட்டு முகம் சுளிக்காதவர், குடியுரிமை இல்லாமல் முகாமில் வாழ்வது என்னவென்று தெரிந்தவர், மில் ஷிப்ட் எத்தனை மணிக்கு முடியும் என்று கேட்பவர் எந்தச் சமூகத்தவராகவும் இருக்கலாம்.

முதல் சந்திப்பில் நடக்க வேண்டியது

நோயாளிக்கும் சிகிச்சையாளருக்கும் இடையிலான உறவை எட்வர்ட் போர்டின் என்ற உளவியலாளர் 1979இல் மூன்றாகப் பிரித்தார்: எதற்காகச் சிகிச்சை என்பதில் உடன்பாடு, அதற்கு என்ன செய்யப்போகிறோம் என்பதில் உடன்பாடு, இருவருக்கும் இடையே பற்று. ஏறத்தாழ 300 ஆய்வுகளைத் தொகுத்த 2018ஆம் ஆண்டுப் பகுப்பாய்வு, இந்த உறவு வலுவாக இருக்கும் இடத்தில் பலனும் கூடுகிறது என்று காட்டியது. எந்த வகைச் சிகிச்சை ஆனாலும் இதுவே நிலை.

நம் மருத்துவமனைகளில் முதல் உடன்பாட்டிலேயே வழுக்குகிறோம். பிள்ளை படிக்க வேண்டும், எதிர்த்துப் பேசக் கூடாது என்பது பெற்றோரின் நோக்கம். அறிகுறி குறைய வேண்டும் என்பது மருத்துவரின் நோக்கம். ராத்திரி தூங்கினால் போதும், வகுப்பில் கேலி நின்றால் போதும் என்பது பிள்ளையின் நோக்கம். மூன்றாவதை யாரும் கேட்காமல் சீட்டு எழுதினால் அந்தச் சிகிச்சை பிள்ளையுடையதாக ஆகாது.

அமெரிக்கப் பெருநகரங்களின் ஏழைக் குடும்பங்களோடு வேலை செய்த சமூகப் பணியாளர் மேரி மெக்கே 1990களில் ஓர் எளிய வழியைச் சோதித்தார். முதல் சந்திப்புக்கு முன் அரைமணி நேரத் தொலைபேசிப் பேச்சு. அதில் கேட்டவை மூன்று: உங்களுக்கு எது பெரிய கவலை, முன்பு இப்படிப் போன இடத்தில் என்ன அனுபவம், வருவதற்கு என்ன தடை. பேசியவர்களில் கூடுதலானோர் முதல் சந்திப்புக்கு வந்தார்கள். ஆனால் தொடர்ந்து வரவைக்கத் தொலைபேசி மட்டும் போதவில்லை. முதல் நேர்காணலையும் அதே முறையில் நடத்தப் பணியாளர்களைப் பழக்கிய பிறகே குடும்பங்கள் திரும்பி வரத் தொடங்கின. 'வாங்க' என்று அழைப்பது ஒரு வேலை. வந்தவருக்கு அன்றே ஏதாவது ஒரு பயன் கையில் கிடைக்கச் செய்வது இன்னொரு வேலை.

இந்தியாவிலும் இதற்குச் சான்று உண்டு. கோவாவின் சங்காத் அமைப்பு டெல்லி அரசுப் பள்ளிகளில் நடத்திய சோதனை 2020இல் வெளியானது. மனநலப் பட்டம் இல்லாத, பயிற்சி பெற்ற ஆலோசகர்கள் மூன்று வாரத்தில் நான்கைந்து முறை மாணவர்களைப் பள்ளியிலேயே சந்தித்தார்கள். மாணவர் தாமே சொன்ன பிரச்சினையை எடுத்துக்கொண்டு அதற்கு வழி தேடுவதே முறை. கலந்துகொண்டவர்கள் 250 பேர். புத்தகம் மட்டும் பெற்றவர்களைவிட, ஆலோசகரைச் சந்தித்தவர்களுக்குத் தாங்கள் சொன்ன பிரச்சினைகள் நன்றாகக் குறைந்தன. நோய் அறிகுறி அளவீட்டில் பெரிய வேறுபாடு இல்லை. மாயமருந்து ஒன்றும் இல்லை. ஆனாலும் சிகிச்சை பள்ளிக்குள் வந்து, சுருக்கமாக முடிந்து, பிள்ளையின் சொந்தக் கேள்வியிலிருந்து தொடங்கினால் பலன் உண்டு என்று அது காட்டியது.

தர்காவும் மாத்திரையும்

2001 ஆகஸ்ட் 6 அதிகாலை, ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் தனியார் மனநலக் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்கள். அவ்வூர்த் தர்காவின் அருளைத் தேடி வந்த குடும்பங்கள் விட்டுச்சென்றவர்கள் அவர்கள். அதன்பின் காப்பகங்கள் மூடப்பட்டன. நம்பிக்கையை மூட முடியாது, மூடவும் தேவையில்லை. குஜராத்தின் உனாவா ஊரில் உள்ள மீரா தாத்தார் தர்காவில் 2008இல் "தவா–துவா" (மருந்து–பிரார்த்தனை) என்ற திட்டம் தொடங்கியது. தர்காவின் பணியாளர்களுக்கு நோயின் அறிகுறிகள் கற்பிக்கப்பட்டன. அவர்கள் துவா செய்தபின் அதே வளாகத்தில் இருக்கும் மருத்துவரிடம் அனுப்பி வைத்தார்கள். பின்னர் ஏர்வாடியிலும் தமிழ்நாடு அரசு இதே வழியில் மருத்துவரை அமர்த்தியது. பேகம்பூரின் பள்ளிவாசலுக்கும், திண்டுக்கல் மறைமாவட்டத்தின் ஜெபக் கூடங்களுக்கும், பூசாரி குறி சொல்லும் கோயில்களுக்கும் இதே வழி பொருந்தும். வீட்டார் முதலில் போகும் இடத்தில் இருப்பவர், "இதோடு மாத்திரையும் சாப்பிடு" என்று சொன்னால் அந்தச் சொல்லுக்கு எந்த விளம்பரத்தையும்விட வலு அதிகம்.

குடும்பம் என்ற பலம்

நம்மிடம் மேலைநாடுகளிடம் இல்லாத பெரும் பலம் ஒன்று உண்டு. சென்னையில் சாரதா மேனன் 1984இல் தொடங்கிய ஸ்கார்ஃப் நிறுவனமும் கனடாவின் மான்ட்ரியல் மையமும், முதல் முறை உளப்பிறழ்வு கண்ட இளைஞர்களுக்கு ஒரே முறையில் இரண்டாண்டு சிகிச்சை அளித்து ஒப்பிட்டன. சென்னைக் குடும்பங்கள் மிக அதிகமாகத் தொடர்பில் இருந்தன. சென்னை நோயாளிகளும் குறைவாகவே விலகினார்கள்.

இந்தப் பலத்துக்கு ஒரு விலையும் உண்டு. வீட்டாருக்குத் தெரியாமல் எதையும் பேச முடியாது என்று பட்டால் இளைஞர் பேச்சையே நிறுத்திக்கொள்வார். வீட்டில் ஒரே கைபேசி. மருத்துவமனையிலிருந்து வரும் குறுஞ்செய்தியை அண்ணன் படிப்பான். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் நோயாளியின் தகவலை வெளியிடாமல் காக்கும் உரிமையைத் தருகிறது. மதம், சாதி, பாலினம், பண்பாடு எதன் பெயராலும் பாகுபாடு இல்லாமல் சிகிச்சை பெறும் உரிமையையும் அதே சட்டம் தருகிறது. ஒவ்வொரு முறையும் பத்து நிமிடம் இளைஞரோடு தனியே, பிறகு குடும்பத்தோடு சேர்ந்து பேசும் வழக்கத்துக்குச் செலவு இல்லை. எது வீட்டுக்குச் சொல்லப்படும், எது சொல்லப்படாது, உயிருக்கு ஆபத்தென்றால் மட்டும் என்ன செய்வோம் என்பதை முதல் நாளே தெளிவாகச் சொல்லிவிட வேண்டும்.

தேடிப் போகிறவர்கள்

இந்தியாவில் ஒரு லட்சம் பேருக்கு ஒரு மனநல மருத்துவர்கூட இல்லை. வராதவரைத் தேடிப் போகும் வேலையை மருத்துவர் செய்ய முடியாது. மற்றவர் செய்ய முடியும். மனச்சிதைவு நோயாளிகள் 282 பேரிடம் கோவா, சதாரா, காஞ்சிபுரம் மாவட்டங்களில் நடந்த சோதனை 2014இல் வெளியானது. பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பணியாளர்கள் வீடு தேடிப் போன குழுவில் முடக்கம் கூடுதலாகக் குறைந்தது. பலன் மிகத் தெளிவாகத் தெரிந்த இடம் நம் தமிழ்நாட்டுக் கிராமங்கள்தான்.

திண்டுக்கல்லுக்கு இந்த வழி புதிதல்ல. சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும் 1947இல் தொடங்கிய காந்திகிராமம், ஆத்தூர் வட்டாரத்தில் ஊர்ப் பணியாளர்களைக் கொண்டு வீடுவீடாக நடத்திய குடும்பநலப் பணி நாடறிந்தது. அண்மைச் சான்று ஒன்றும் உண்டு. 2021 ஜனவரியில் இம்மாவட்டத்தின் ஆடைத் தொழிற்சாலையில் வேலை பார்த்த தலித் இளம்பெண் கொலை செய்யப்பட்டார். அதையடுத்து, தலித் பெண்கள் முன்நின்று நடத்தும் தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம், நிறுவனத்தோடும் உலகளாவிய ஆடை வணிக நிறுவனங்களோடும் 2022இல் திண்டுக்கல் ஒப்பந்தத்தைச் செய்தது. வேலை செய்யும் பெண்களிலேயே 25 பேருக்கு ஒருவர் பயிற்சி பெற்றுக் கண்காணிப்பாளராக இருப்பார் என்பது அதன் ஏற்பாடு. முதல் ஆண்டில் வந்த 185 புகார்களில் 182 தீர்க்கப்பட்டன. பெரும்பாலானவை ஒரு வாரத்துக்குள். பேசாதவர்கள் என்று நினைத்த பெண்கள், பக்கத்து மெஷினில் நம்பகமான ஒருத்தி இருந்தபோது பேசினார்கள். மனத்துயருக்கும் அதே ஒருத்தி வேண்டும். முகாம்களில் ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் முகாம் மக்களையே நலப் பணியாளர்களாகப் பழக்கியதும் இதே வழியில்தான்.

செய்யக்கூடியவை

திண்டுக்கல்லில் இப்போது அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. மாவட்ட மனநலத் திட்டம் இருக்கிறது. 14416 என்ற எண்ணில் "நட்புடன் உங்களோடு" மனநலச் சேவை இரவும் பகலும் கிடைக்கிறது. அது சார்ந்த தேசிய டெலி மானஸ் சேவை 20 மொழிகளில் பேசுவதால் ஒடியா பேசும் தொழிலாளிக்கும் வழி உண்டு. இவற்றை இணைக்கும் இழைகள்தான் வேண்டும்.

முதல் சந்திப்பின் முடிவில், "அடுத்த தடவை வர்றதுக்கு எது தடையா இருக்கும்?" என்று கேட்டு விடையைச் சீட்டிலேயே எழுதி வைக்கலாம். எந்த எண்ணில், எந்த நேரத்தில், என்ன பெயர் சொல்லி அழைக்கலாம் என்று இளைஞரிடமே கேட்கலாம். தவறியவரை மூன்று நாளுக்குள், கோபிக்காமல் அழைக்கலாம். மில் விடுமுறை நாளிலோ மாலையிலோ ஒரு வேளை ஓ.பி. நடத்தலாம். 2021 முதல் "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தில் சர்க்கரைக்கும் இரத்தக் கொதிப்புக்கும் மாத்திரை கொண்டு வரும் பெண் தன்னார்வலர் கையிலேயே மனநல மாத்திரையையும் அனுப்பலாம். அவர் வாசலில் நிற்பதைப் பார்த்து எந்த அண்டை வீட்டாரும் எதையும் பேசப்போவதில்லை.

எல்லாவற்றுக்கும் முதலில் ஒரு கணக்கு வேண்டும். எத்தனை பேரைப் பார்த்தோம் என்பதை மட்டும் எழுதும் பதிவேடு, ஒருமுறை வந்து திரும்பி வராதவர்களை மறைத்துவிடும். முதல் முறை வந்த இளைஞர் நூறு பேரில் எத்தனை பேர் ஒரு மாதத்துக்குள் மறுபடி வந்தார்கள், வராதவர்கள் எந்தப் பகுதியினர், எந்தச் சமூகத்தினர் என்பதையும் பெயர்கள் இல்லாமல் ஒவ்வொரு மனநலப் பிரிவும் மாதந்தோறும் எழுத வேண்டும். பேகம்பூரிலிருந்தும் தோட்டனூத்திலிருந்தும் வேடசந்தூர் விடுதிகளிலிருந்தும் வந்தவர்கள் மற்றவர்களைவிடக் கூடுதலாக விலகியிருந்தால், திருத்த வேண்டியது நம் பிரிவை என்று அந்தக் கணக்கு சொல்லும். சியாட்டிலில் யாரோ ஒருவர் எண்ணிப் பார்த்ததால்தான் பத்தாண்டில் நிலைமை மாறியது. நம் மாவட்டத்தில் அதைத் தொடங்கப் புதிய கட்டடமோ புதிய சட்டமோ தேவையில்லை. ஒரு பதிவேடும், அதைப் பார்த்து வெட்கப்படாமல் திருந்தும் மனமும் போதும்.